வீட்டைவிட்டு வெளியே வர இயலாதவருக்கு இணையவழி ஜெபக்குழு திருச்சபையாகுமா?

கேள்வி: பெத்தானியா

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதர சகோதரிகளுக்கு வாழ்த்துதல்.

படுத்த படுக்கையாயிருக்கும் என் தாயாரை நான் ஒருத்தியே பராமரித்து வருகிறேன். அவரைச் சிறிது நேரம்கூடத் தனியே விட இயலாததால், சில ஆண்டுகளாக ஞாயிறு ஆராதனைக்குச் செல்ல முடியவில்லை. 2020இல் பெருந்தொற்றினால் ஆலயங்கள் மூடப்பட்டபோது தொடங்கிய ஓர் இணையவழி ஜெபக்குழுவில் அப்போது சேர்ந்தேன். ஆலயங்கள் திறந்தபின் அதிலிருந்த பலர் தத்தம் சபைகளுக்குத் திரும்பிவிட்டார்கள். திரும்ப இயலாத சிலர் மட்டும் இன்றுவரை வாரந்தோறும் திரையில் கூடி, வேதம் வாசித்து, ஒருவருக்காக ஒருவர் ஜெபித்து வருகிறோம். தாயாருக்கு மூச்சுத்திணறல் வந்த ஓர் இரவில் விடியும்வரை தொலைபேசியில் என்னோடு இருந்தவர், நான் இதுவரை நேரில் பார்த்திராத, அந்தக் குழுவைச் சேர்ந்த ஒரு சகோதரிதான்.

அண்மையில் எங்கள் சபையின் போதகர் நலம் விசாரிக்கத் தொலைபேசியில் பேசினார். பேச்சின் நடுவே, திரையில் கிடைப்பது ஆறுதலேயன்றி ஐக்கியம் ஆகாது என்றும், சபை என்பது கூடிவருகிறவர்களே என்றும் சொல்லி, சபை கூடிவருதலை விட்டுவிடக்கூடாது என்னும் எபிரெயர் 10:25ஐ நினைவூட்டினார். அவர் கடிந்து பேசவில்லை, அன்பாகத்தான் சொன்னார். ஆனாலும் அதற்குப்பின் குழுவில் அமரும்போதெல்லாம் அந்தக் கேள்வி என்னோடுகூட அமர்ந்துகொள்கிறது.

எனக்கு ஆறுதல் சொல்லும்படி கேட்கவில்லை, உண்மையையே கேட்கிறேன். எங்களுக்குள் இருப்பது புதிய ஏற்பாடு சொல்லும் ஐக்கியம்தானா? ஆம் என்றால், அதில் குறைவுபடுவது என்ன? இல்லை என்றால், இத்தனை காலம் நான் பெற்றுக்கொண்டதற்கு என்ன பெயர்? வேதத்தையும் திருச்சபை வரலாற்றையும் அறிந்தவர்கள் தயவுசெய்து விளக்க வேண்டுகிறேன்.

---

பதில் 1: பழைய மேய்ப்பன்

அன்பான மகளே, நான் பல ஆண்டுகள் சபை ஊழியத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் போதகர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை முதலில் ஒப்புக்கொள்வதே நியாயம்.

யோவான் தம் இரண்டாம் நிருபத்தின் முடிவில், எழுதவேண்டிய காரியங்கள் அநேகம் இருந்தும் காகிதத்தினாலும் மையினாலும் எழுத மனதில்லை என்றும், சந்தோஷம் நிறைவாயிருக்கும்படி நேரில் வந்து முகமுகமாய்ப் பேசலாமென்று நம்பியிருப்பதாகவும் சொல்கிறார். பவுலும் தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது, தாம் இருதயத்தில் அல்ல, சரீரத்தில் மட்டுமே பிரிந்திருப்பதாகச் சொல்லிவிட்டு, அவர்கள் முகத்தைக் காண மிகவும் ஆவலாயிருந்ததையும், அவர்கள் விசுவாசத்தின் குறைவுகளை நிறைவாக்க இரவும் பகலும் வேண்டிக்கொள்வதையும் எழுதுகிறார். அப்போஸ்தலர்களுக்கு நிருபம் போதுமானதாக இருந்திருந்தால் இந்த ஏக்கம் எழுந்திருக்காது. எனவே நேரில் கூடுவதும் தொலைவிலிருந்து தொடர்புகொள்வதும் ஒன்றே என்று யாராவது சொன்னால், அது வேதத்துக்குப் பொருந்தாது.

ஆனால் அதே நிருபங்களை மறுபடியும் வாசியுங்கள். ரோமாபுரியிலிருந்த விசுவாசிகளின் சபைக்குப் பவுல் அதுவரை சென்றதே இல்லை. இருந்தும் வேதத்தின் மிக ஆழமான நிருபம் அவர்களுக்கே எழுதப்பட்டது. கொலோசெயருக்கு எழுதும்போது, தம் முகத்தைக் காணாத அனைவருக்காகவும் தாம் போராடுவதாகச் சொல்கிறார். சரீரத்தின்படி தூரமாயிருந்தும் ஆவியின்படி அவர்களுடனேகூட இருப்பதாகவும் சொல்கிறார். கொரிந்து சபையில் ஒரு கடுமையான ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படவேண்டியிருந்தபோது, அவர்கள் கூடிவரும் வேளையில் தம்முடைய ஆவியும் அங்கே இருக்கும் என்றே எழுதினார். இதைப் பவுல் உவமையாகச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. அந்தத் தூரத்து உறவை மெய்யான உறவென்று நம்பியே அவர் அதன்மேல் ஒரு சபையின் தீர்ப்பை வைத்தார்.

ஆகையால் இரண்டையும் சேர்த்தே சொல்லவேண்டும். தொலைவிலிருந்து கொள்ளும் ஐக்கியம் மெய்யானது. ஆனால் அது நிறைவை நாடி ஏங்கும் ஐக்கியம். உங்கள் குழுவில் அந்த ஏக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒருவரையொருவர் நேரில் காண விரும்புகிறீர்களா, அல்லது திரையே வசதியாயிருக்கிறது, இதுவே போதும் என்று நினைக்கிறீர்களா? வர இயலாதவரும் வர விரும்பாதவரும் ஒரே திரையில் அருகருகே தெரியலாம், ஆனால் இருவர் நிலையும் ஒன்றல்ல. எபிரெயர் 10:25 கண்டிப்பது சபை கூடிவருதலை விட்டுவிடுகிறவர்களை. படுக்கையில் கிடக்கும் தாயை விட்டுவிடாதவளை அந்த வசனத்தால் குற்றப்படுத்துவது வசனத்தைத் தவறாகக் கையாள்வதாகும். தாய் தகப்பனுக்குச் செய்யவேண்டியதைக் காணிக்கையின் பெயரால் தவிர்த்தவர்களைக் கர்த்தர் மாற்கு 7ஆம் அதிகாரத்தில் எப்படிக் கண்டித்தார் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் போதகரிடம் நான் கேட்க விரும்பும் கேள்வி வேறு. நீங்கள் சபைக்கு வரமுடியவில்லை என்றால், சபை உங்களிடம் வந்ததா? இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் ரோமாபுரியில் எழுதிய இரத்தசாட்சி ஜஸ்டின், ஞாயிறு ஆராதனையை விவரிக்கும்போது, ஆசீர்வதிக்கப்பட்ட அப்பமும் ரசமும் கூடியிருந்தவர்களுக்குக் கொடுக்கப்பட்டபின், வராதவர்களுக்கு உதவிக்காரர்கள் மூலம் கொண்டுபோகப்பட்டதாகச் சொல்கிறார். அதே இடத்தில், சேர்த்த காணிக்கை அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் சிறையிலிருப்போருக்கும் பயன்பட்டதையும் குறிப்பிடுகிறார். வராதவருடைய பங்கும் கூடிவருதலின் ஒரு பகுதியாக ஆதியிலிருந்தே எண்ணப்பட்டது. அந்தப் பங்கைக் கொண்டுபோகாத சபை, வராதவரைப் பார்த்து உனக்கு ஐக்கியம் இல்லை என்று சொல்லுமானால், குறை யாரிடத்தில் இருக்கிறது?

---

பதில் 2: மௌனமொழி

மேலே ஐயா எழுதியதை ஏற்றுக்கொள்கிறேன். ஆயினும் எல்லோரும் இயல்பாக ஏற்றுக்கொண்டுவிடும் ஒரு கருத்தைக் கேள்வி கேட்க விரும்புகிறேன். சரீரத்தில் கூடினால் ஐக்கியம் உண்டாகிவிடும் என்ற எண்ணமே அது.

எனக்குக் கேட்கும் திறன் மிகவும் குறைவு. ஆலயத்தில் எல்லோரோடும் ஒரே இருக்கையில் அமர்ந்திருப்பேன், எழும்பும்போது எழும்புவேன், அமரும்போது அமர்வேன். பிரசங்கத்தில் என்ன சொல்லப்பட்டது என்று எனக்குத் தெரியாது. ஆராதனை முடிந்தபின் எல்லோரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வார்கள். என்னிடம் புன்னகையோடு தலையசைத்துவிட்டுக் கடந்துபோவார்கள். அவர்கள் நல்லவர்கள், எனக்குத் தீங்கு செய்தவர்கள் அல்லர். ஆனால் அங்கே என் சரீரம் இருந்ததே தவிர நான் இருந்தேன் என்று சொல்ல முடியாது. எழுத்திலேயே ஜெபக் குறிப்புகளைப் பகிர்ந்து, பேசுவதெல்லாம் திரையில் எழுத்தாகவும் வரும் ஒரு வேதபாடக் குழுவில் சேர்ந்த பிறகே, என் விசுவாசத்தைப் பற்றி யாராவது என்னிடம் கேள்வி கேட்டார்கள். நானும் மற்றவருக்காகப் பெயர் சொல்லி ஜெபித்தேன்.

கொரிந்து சபையார் ஒரே இடத்தில்தான் கூடினார்கள். அப்படியிருந்தும் 1 கொரிந்தியர் 11இல் பவுல், நீங்கள் கூடிவந்து உண்பது கர்த்தருடைய இராப்போஜனம் அல்ல என்கிறார். ஒருவன் பசியாயிருக்க இன்னொருவன் வெறியாயிருந்தான், இல்லாதவர்கள் வெட்கப்படுத்தப்பட்டார்கள். ஒரே கூரையும் ஒரே மேசையும் இருந்தன, ஐக்கியம் இல்லை. ஆகவே இணையத்தில் மெய்யான ஐக்கியம் உண்டா என்று கேட்கிற அதே கடுமையோடு, ஆலயத்துக்குள் மெய்யான ஐக்கியம் உண்டா என்றும் கேட்கவேண்டும். முதல் கேள்வியை மட்டும் கேட்பவர்கள், ஆலயத்தின் படிகளில் ஏற முடியாதவர்களையும், உள்ளே வந்தும் கேட்க முடியாதவர்களையும் ஒருபோதும் எண்ணிப் பார்த்ததில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

இதோடு நிறுத்தினால் என் பக்கத்து வாதம் பலமாயிருக்கும். ஆனால் மாற்கு 7இன் கடைசிப் பகுதி என்னை நிறுத்தவிடவில்லை. கொன்னைவாயுடைய ஒரு செவிடனை இயேசு ஜனக்கூட்டத்தைவிட்டுத் தனியே அழைத்துப்போய், தம்முடைய விரல்களை அவன் காதுகளில் வைத்து, அவன் நாவைத் தொட்டார். வார்த்தையைக் கேட்க முடியாதவனுக்குத் தொடுதலே அவருடைய மொழியாயிற்று. எழுத்தினால் எனக்குக் கிடைத்தது பெரிது என்று முழுமனதோடு சொல்கிறேன். அந்த விரல்களுக்கு ஈடானது எதுவும் திரையில் இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

---

பதில் 3: நற்கருணைத் தோழன்

இயேசுவுக்கே புகழ். நான் கத்தோலிக்கன்; எங்கள் திருச்சபையின் நிலைப்பாட்டையும் இங்கே வைப்பது பயன்படும் என்று எண்ணுகிறேன்.

2002 பிப்ரவரியில் வத்திக்கானின் திருப்பீடச் சமூகத் தொடர்பு அவை திருச்சபையையும் இணையத்தையும் பற்றி ஓர் ஏடு வெளியிட்டது. இணையத்தில் அருளடையாளங்கள் (திருமுழுக்கு, நீங்கள் திருவிருந்து என்று சொல்லும் நற்கருணை போன்றவை) இல்லை என்று அது வெளிப்படையாகவே சொல்கிறது. இறையருளால் அங்கே கிடைக்கக்கூடிய சமய அனுபவங்களும், நம்பிக்கை கொண்ட பிற மனிதரோடு நிகழும் நேரடி உறவு இல்லாமல் போதுமானவை ஆகா என்கிறது. இதைப் பலர் வெறும் மறுப்பாக மட்டுமே வாசிக்கிறார்கள். போதாது என்பதும் இல்லை என்பதும் ஒன்றல்ல. இறையருளால் அங்கேயும் ஏதோ கிடைக்கிறது என்பதை அந்த ஏடு மறுக்கவில்லை. சகோதரி கேட்ட 'என்ன பெயர்' என்ற கேள்விக்கு, அருள் என்று தயங்காமல் பெயர் சொல்லலாம்.

2019ஆம் ஆண்டின் உலகச் சமூகத் தொடர்பு நாள் செய்தியில் திருத்தந்தை பிரான்சிஸ், 'நாம் ஒருவருக்கொருவர் உறுப்புகள்' என்ற எபேசியர் 4:25ஐத் தலைப்பாக எடுத்துக்கொண்டு இதையே வேறுவிதமாகச் சொன்னார். ஒரு குடும்பம் இணையத்தின் வழியாக நெருங்கி, பின்பு ஒரே மேசையில் அமர்ந்து ஒருவரையொருவர் கண்ணோடு கண் பார்க்குமானால், இணையம் ஒரு வளம். ஒரு திருச்சபைக் குழு இணையத்தின் வழியாகத் தன் பணிகளை ஒழுங்குசெய்து, பின்பு நற்கருணையை ஒன்றாகக் கொண்டாடுமானால், அதுவும் ஒரு வளம் என்பது அவர் கருத்து. அளவுகோல் இங்கே தெளிவாயிருக்கிறது: அந்தத் தொடர்பு மேசையை நோக்கி நடத்துகிறதா, அல்லது மேசையின் இடத்தைத் தானே பிடித்துக்கொள்கிறதா?

எங்கள் நம்பிக்கையில் இது ஒழுங்குமுறை பற்றிய காரியம் மட்டுமன்று. வாக்கு மனிதர் ஆனார், நம்மிடையே குடிகொண்டார் என்று அறிக்கையிடுகிறவர்கள் நாங்கள். தண்ணீர், எண்ணெய், அப்பம், இரசம், தலைமேல் வைக்கப்படும் கை ஆகியவற்றின் வழியாக அருள் வருகிறது என்று நம்புகிறவர்களுக்கு, அவை ஒன்றும் கடந்துவர முடியாத ஊடகம் என்றும் முன்வாசல்தான். பெருந்தொற்றின்போது திருப்பலியை நேரலையில் பார்த்து ஆன்மீக நற்கருணைச் செபத்தைச் சொன்னவர்கள் கோடிக்கணக்கானோர். அந்தச் செபமே, அருளடையாளமாக உம்மைப் பெற்றுக்கொள்ள இப்போது இயலாததால் என்று, இல்லாததை ஒப்புக்கொண்டுதான் வேண்டுகிறது.

ஆயினும் தனித்திருப்பவரைப் பற்றி எங்கள் மரபில் இன்னொரு குரலும் உண்டு. அது எனக்கு மிகவும் பிடித்தமானது. பதினோராம் நூற்றாண்டில் தனித்து வாழ்ந்த துறவிகளுக்கு ஓர் ஐயம் எழுந்தது. குடிலில் ஒருவராகவே திருப்புகழ்மாலை சொல்லும்போது, 'ஆண்டவர் உங்களோடு இருப்பாராக' என்று யாரைப் பார்த்துச் சொல்வது? மறுமொழியையும் தாமே சொல்லிக்கொள்வது பொருளற்றதல்லவா? புனித பீட்டர் தமியான் இதற்கு ஒரு நீண்ட மடல் எழுதினார். தூய ஆவியாரின் ஒன்றிப்பால் திருச்சபை பலரிலும் ஒன்றாகவும், ஒவ்வொருவரிலும் முழுமையாகவும் இருக்கிறது. ஆகவே தனியே நிற்பவரும் திருச்சபை முழுவதின் குரலாகவே பேசுகிறார், அந்தச் சொற்களை விடவேண்டியதில்லை என்பது அவருடைய விடை. யாருமே இல்லாத குடிலில் அது உண்மையென்றால், ஒருவர் பெயரை ஒருவர் அறிந்து செபிக்கும் உங்கள் குழுவில் எவ்வளவு உண்மையாயிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

---

பதில் 4: எம்மாவு வழிப்போக்கர்

நான் ஓர் இணையவழி ஜெபக்குழுவை நடத்துகிறவன். கொள்கை அளவில் மேலே சொல்லப்பட்டவற்றோடு எனக்குப் பெரிய வேறுபாடு இல்லை. எங்கே இது ஐக்கியமாகிறது, எங்கே ஆகாமல் போகிறது என்பதை அருகிலிருந்து பார்த்து அறிந்ததைச் சொல்கிறேன்.

முதலாவது பிரச்சினை, வெளியேறுவது மிகவும் எளிது என்பது. சபையில் ஒரு சகோதரரோடு மனத்தாங்கல் வந்தால், அடுத்த ஞாயிறும் அவருடைய முகத்தைப் பார்த்தாகவேண்டும். மத்தேயு 18 சொல்கிறபடி போய், தனித்திருக்கையில் பேசித் தீர்க்கவேண்டிய கட்டாயம் அதனாலேயே உண்டாகிறது. குழுவிலிருந்து விலக ஒரு விரல் போதும். ஏன் போனார் என்று ஒருவருக்கும் தெரியாது, சில வாரங்களில் அவர் இருந்ததே மறந்துபோகும். மன்னிப்புக் கேட்கவும் மன்னிக்கவும் இடமில்லாத உறவு எத்தனை இனிமையாயிருந்தாலும் அதை ஐக்கியம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆகவே எங்கள் குழுவில் ஒருவர் இரண்டு வாரம் வரவில்லை என்றால், ஒருவர் தொலைபேசியில் அழைத்துப் பேசவேண்டும் என்று வைத்திருக்கிறோம். குழுச் செய்தியாக அல்ல, அவரோடு நேரே பேசவேண்டும்.

இது நாங்கள் கண்டுபிடித்த வழி அல்ல. 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் மெதடிஸ்டு சங்கத்தார் தங்கள் கட்டடத்தின் கடனை அடைக்க, ஆளுக்கு வாரம் ஒரு பென்னி சேர்ப்பதென்றும், ஏறக்குறைய பன்னிரண்டு பேருக்கு ஒருவர் வீடுதோறும் சென்று அதைப் பெற்றுவருவதென்றும் ஏற்பாடு செய்தார்கள். காசு வாங்கப் போனவர்கள் அந்த வீடுகளின் நிலையையும், சிலர் விசுவாசத்தில் தடுமாறுவதையும் கண்டு மெதடிஸ்டு இயக்கத்தின் தலைவரான ஜான் வெஸ்லியிடம் சொன்னார்கள். நெடுங்காலமாக நாம் தேடியது இதுவே என்று அவர் உணர்ந்து, ஒவ்வொருவரின் ஆத்தும நலத்தையும் வாரந்தோறும் விசாரிக்கும் வகுப்புக் கூட்டங்களாக அதை அமைத்தார். பெருங்கூட்டமாகப் பிரசங்கம் கேட்டவர்களை ஒருவரையொருவர் தாங்குகிறவர்களாக மாற்றியது அந்தச் சிறிய வட்டமும், உன் ஆத்துமா எப்படியிருக்கிறது என்ற கேள்வியும்தான். பல்லாயிரம் பேர் பார்க்கும் நேரலை ஆராதனையில் நம்மை யாரும் அப்படிக் கேட்பதில்லை. பார்வையாளர் எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால் அது யாருக்கும் தெரிவதுமில்லை. நேரலையைப் பார்ப்பதையும் ஒரு குழுவில் இருப்பதையும் ஒரே பெயரால் அழைத்துக்கொண்டிருக்கும்வரை இந்த விவாதம் தெளிவடையாது.

இரண்டாவது, முகமறியாமை. 2004 மே மாதம் பிரிட்டனின் மெதடிஸ்டு திருச்சபையின் ஆதரவோடு சர்ச் ஆஃப் ஃபூல்ஸ் என்ற முப்பரிமாண இணைய ஆலயம் தொடங்கப்பட்டது. வருகிறவர்கள் ஒரு சித்திர உருவத்தை எடுத்துக்கொண்டு இருக்கையில் அமரலாம், முழங்காற்படியிடலாம், கையை உயர்த்தலாம். ஆலயத்தின் வாசலை ஒருபோதும் மிதிக்கத் துணியாதவர்கள் அங்கே வந்து ஜெபித்தார்கள். பெயரில்லாத துணிச்சலில் நிந்தித்துக் கூச்சலிடவும் பலர் வந்தார்கள். அவர்களை வெளியேற்றுவதற்கென்றே கண்காணிப்பாளர்களுக்கு ஒரு பொத்தான் கொடுக்கவேண்டியிருந்தது. பாவத்தை அறிக்கையிடத் துணிவு தருவதும் தூஷிக்கத் துணிவு தருவதும் அதே முகமறியாமைதான். எங்கள் குழுவில் கேட்பதற்கு யாரும் வரலாம். ஆனால் ஒருவருடைய ஜெபக் குறிப்புகளைக் கேட்டறிய விரும்பினால், தம் மெய்ப்பெயரையும், தம்மை அறிந்த ஒரு போதகரையோ மூப்பரையோ எங்களுக்குத் தெரிவிக்கவேண்டும். பகிரப்பட்டதை வேறெங்கும் அனுப்புவதில்லை என்ற வாக்குறுதியும் உண்டு. ஒருவருடைய கண்ணீர் படமாக வேறொரு வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்ச்சேர்ந்தால், அந்தச் சகோதரியோ சகோதரரோ இனி எந்தச் சபையிலும் வாய் திறக்கமாட்டார்.

மூன்றாவதைச் சொல்ல எனக்கு வருத்தமாயிருக்கிறது. ஒருவர் தம் துன்பத்தை எழுதினால் உடனே கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்துவிழும். யாக்கோபு 2:15-16இல், ஆடையும் ஆகாரமும் இல்லாத சகோதரனைப் பார்த்து, சமாதானத்தோடே போ, குளிர்காய்ந்து பசியாறு என்று சொல்லிவிட்டு ஒன்றும் கொடாதவர்களைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் அந்தப் படங்களே நினைவுக்கு வருகின்றன. தூரம் இதற்குச் சாக்காகாது. மக்கெதோனியாவிலும் அகாயாவிலும் இருந்த விசுவாசிகள், தாங்கள் ஒருபோதும் கண்டிராத எருசலேம் பரிசுத்தவான்களின் தரித்திரருக்காகப் பணம் சேர்த்தார்கள். பவுல் அதைப் பற்றி இரண்டு அதிகாரங்கள் எழுதி, சபைகள் தெரிந்தெடுத்த ஆட்கள் கூடவர, தாமே அதைக் கொண்டுபோனார். முகமறியாதவர்களின் ஐக்கியம் அங்கே பணமாகவும் பயணமாகவும் மாறியது. உங்கள் குழுவின் அந்தச் சகோதரி தன் உறக்கத்தை விட்டுக்கொடுத்து விடியும்வரை உங்களோடு இருந்தது இந்த வகையைச் சேர்ந்ததுதான் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

---

பெத்தானியா

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொரு பதிலையும் தாயாரின் பக்கத்தில் அமர்ந்து நிதானமாக வாசித்தேன். இன்னும் இரண்டு காரியங்களைக் கேட்க விரும்புகிறேன். எங்கள் குழுவில் சிலர், அவரவர் வீட்டில் அப்பமும் திராட்சைரசமும் வைத்துக்கொண்டு திரையின் முன்பாக ஒன்றாகத் திருவிருந்து எடுக்கலாம் என்கிறார்கள். எனக்கு ஆசை இருக்கிறது, தயக்கமும் இருக்கிறது. மற்றொன்று, சபையைவிட்டு விலகும் எண்ணம் எனக்கு ஒருபோதும் இருந்ததில்லை. ஆனால் போதகரிடம் எனக்கு வேண்டியதை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. கேட்டால் குறை சொல்வதுபோல் ஆகிவிடுமோ என்று அஞ்சுகிறேன்.

---

பழைய மேய்ப்பன்

மகளே, முதல் கேள்வியில் சபைகள் ஒருமனப்படவில்லை. 2020இல் சில சபைகள் அவரவர் வீட்டு அப்பத்தோடு திரையின் வழியாகத் திருவிருந்து நடத்தின. வேறு சில, ஆலயம் திறக்கும்வரை திருவிருந்தின்றி உபவாசிப்பதே மேல் என்று தீர்மானித்தன. கத்தோலிக்க நண்பர் தம் திருச்சபையின் நிலையைச் சொல்லியிருக்கிறார். என் மனதில் உள்ளதைக் கேட்டால், 1 கொரிந்தியர் 10:17இல் அப்பம் ஒன்றே, அந்த ஒரே அப்பத்தில் பங்குபெறுகிறபடியால் அநேகரான நாம் ஒரே சரீரமாயிருக்கிறோம் என்று பவுல் சொல்வதைத் தாண்டிச்செல்ல என்னால் முடியவில்லை. பல வீடுகளின் பல அப்பங்கள் அந்த அடையாளத்தை மங்கச்செய்கின்றன. அப்படிச் செய்தவர்களைக் கர்த்தர் தள்ளிவிட்டார் என்று சொல்ல நான் யார்? ஆனால் உங்களுக்கு அதைவிடச் சிறந்த வழி திறந்திருக்கும்போது, அதைக் கேட்காமல் இருப்பது ஏன்?

ஜஸ்டினைப் பற்றி எழுதியது அதற்காகத்தான். ஞாயிறன்று சபையில் ஆசீர்வதிக்கப்பட்ட அந்த அப்பத்தையே உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து, உங்களுக்கும் உங்கள் தாயாருக்கும் கொடுக்கும்படி போதகரிடம் கேளுங்கள். வீட்டிலேயே திருவிருந்து நடத்துவது உங்கள் சபையின் வழக்கமானால் அப்படியே ஆகட்டும். தாயாருக்கு எண்ணெய் பூசி ஜெபிக்க மூப்பர்களை அழையுங்கள். யாக்கோபு 5:14 வியாதிப்பட்டவனே சபையின் மூப்பரை வரவழைப்பானாக என்கிறது. கேட்கிறவர் குறை சொல்கிறவர் அல்லர். வேதம் கட்டளையிட்டதையே செய்கிறார். எந்த நேர்மையான போதகரும் அதைக் கேட்டு மனம் நோகமாட்டார். எத்தனையோ வீடுகளுக்கு நாங்கள் போகாமலிருப்பது அன்பில்லாமையால் அல்ல, அந்த வீட்டார் ஒன்றும் கேட்காமல் அமைதியாயிருப்பதாலேயே.

இன்னொன்றையும் கேளுங்கள், இதுவே முக்கியமானது. நோயாளிகளைப் பராமரித்துப் பழகிய இருவர் முறைவைத்து, மாதத்தில் ஒரு ஞாயிறாவது ஆராதனை நேரத்தில் உங்கள் தாயாரோடு இருக்கமுடியுமா என்று கேளுங்கள். கூடிவருதலை விட்டுவிடாதீர்கள் என்று சபை சொல்லுமானால், நீங்கள் கூடிவர வழிசெய்வதும் சபையின் வேலை.

---

எம்மாவு வழிப்போக்கர்

ஐயா எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். சபையா குழுவா என்று ஒன்றைத் தெரிந்தெடுக்கவேண்டிய நிலைக்கு உங்களை யாரும் தள்ளவேண்டாம். அன்றைய ஜெர்மனியில் ஃபிங்கன்வால்டே என்னும் இடத்தில் போதகரும் இறையியலாளருமான டீட்ரிஷ் பான்ஹோஃபர் நடத்திய போதகர் பயிற்சிப் பள்ளியை 1937இல் நாசி அரசின் இரகசியக் காவல்துறையான கெஸ்டாபோ மூடியபின், அங்கே ஒன்றாக வாழ்ந்து ஜெபித்தவர்கள் பல இடங்களுக்குச் சிதறினார்கள். அவர் அவர்களுக்குச் சுற்றுமடல்கள் அனுப்பி, ஒருவரைப் பற்றிய செய்தியை மற்றவருக்குத் தெரிவித்து, அந்த உறவைக் காத்தார். கிறிஸ்தவர்கள் சரீரத்தில் ஒன்றாயிருப்பது பெரிய கிருபை என்றும், அது எல்லோருக்கும் கிடைப்பதில்லை என்றும், சிதறியவர்களையும் நோயாளிகளையும் சிறையிலிருப்போரையும் நினைத்து எழுதியவரும் அவரே. சேர்ந்து வாழ்வதன் அருமையை அறிந்தவர் என்பதாலேயே பிரிந்திருப்பவர்களுக்கு மடல் எழுதாமல் அவரால் இருக்க முடியவில்லை. உங்கள் குழு அந்தச் சுற்றுமடலின் இடத்தில் இருக்கட்டும்.

நடைமுறையில் ஒரு யோசனை: உங்கள் போதகரை ஒருநாள் குழுவுக்கு அழையுங்கள். அவர் திரையைப் பற்றிப் பேசுகிறார், நீங்களோ அந்தத் திரையில் வருகிற மனிதர்களைப் பற்றிப் பேசுகிறீர்கள். அவர்களுடைய முகங்களை அவரும் பார்க்கட்டும்.

---

பெத்தானியா

இன்று காலை போதகரோடு பேசினேன். தாயாருக்கும் எனக்கும் திருவிருந்து கொண்டுவருவதாக உடனே ஒப்புக்கொண்டார். இதுவரை நான் கேட்காததால், வீட்டுக்கு வருவது எங்களுக்குச் சிரமமாயிருக்கும் என்று எண்ணியிருந்தாராம். தாயாரோடு இருப்பதற்கு ஆட்களைப் பற்றி மகளிர் சங்கத்தில் கேட்டுச் சொல்வதாகவும் கூறினார். குழுவுக்கு வரும் அழைப்பையும் ஏற்றுக்கொண்டார். எபிரெயர் 10:25ஐ, ஒருவரையொருவர் கவனிக்கச் சொல்லும் அதற்கு முந்தின வசனத்தோடு சேர்த்து அங்கே எங்களோடு வாசிக்க விரும்புவதாகச் சொன்னார்.

ஒரு சிறு கேள்வி மட்டும் எஞ்சியிருக்கிறது. எங்கள் குழு கூடுவது ஞாயிறு காலையில்தான். நான் ஆலயத்துக்குப் போகும் ஞாயிறுகளில் குழுவில் இருக்க முடியாது; அங்கே என்னைவிட அதிகமாக முடங்கியிருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டுப் போவதுபோல் இருக்கிறது.

---

மௌனமொழி

சகோதரி, குழுவின் நேரத்தை ஞாயிறு மாலைக்கு மாற்றும்படி கேளுங்கள். ஆலயத்துக்குப் போய்வந்த ஒருவர் அன்று மாலையே குழுவில் இருந்தால், காலையில் கேட்ட பிரசங்கத்தையும், அங்கே யார் யாருக்காக ஜெபித்தார்கள் என்பதையும் மற்றவர்களுக்குச் சொல்லலாம். அவர்களுடைய பெயர்களையும் நீங்கள் காலையில் ஆலயத்தில் சொல்லி ஜெபிக்கக் கேட்கலாம். என்னைப் போன்றவர்களுக்காக ஒரு வேண்டுகோளும் உண்டு: சொல்வதை எழுத்திலும் போடுங்கள்.